இரவில் ஹெலிகாப்டர்: காக்பிட் விளக்கு எவ்வளவு, எந்த நிறம், எந்தக் கருவியை எவ்வளவு நம்புவது?

புதுச்சிறகு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பகலில் 90 மணி நேரம் பறந்துவிட்டு இந்த மாதம்தான் இரவுப் பயிற்சி தொடங்கினேன். சின்ன பிஸ்டன் ஹெலிகாப்டர், நைட் விஷன் கண்ணாடி எதுவும் கிடையாது, என் கண்ணும் பேனலும்தான். மூன்று தடவை போய்வந்துவிட்டேன். ஓட்டுவதில் பெரிய சிரமம் இல்லை, மூன்று தடவையும் என்னைத் திணறடித்தது வெளிச்சம்தான்.

முதல் நாள் தரையில் நிற்கும்போதே பேனல் விளக்கைப் பளிச்சென்று தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன். கிளம்பி ஊர் விளக்குகளைத் தாண்டி இருட்டான பக்கம் திரும்பியதும் வெளியே எதுவும் தெரியவில்லை, முன்கண்ணாடியில் தெரிந்ததெல்லாம் என் பேனலும் தொடையில் கட்டியிருந்த டேப்லெட்டும்தான். கண்ணாடி வளைந்து காலடி வரை வருவதால் ஒரே பொருளுக்கு மூன்று நான்கு பிம்பம். அதற்குப் பயந்து இரண்டாம் நாள் சிவப்பு டார்ச் கொண்டுபோனேன். வரைபடத்தை விரித்து அடித்தால் சிவப்பிலும் மெஜந்தாவிலும் அச்சிட்ட கோடுகள் அத்தனையும் காகிதத்தோடு கலந்து மறைந்துவிட்டன. வான்வெளி எல்லையைத் தேடிக்கொண்டு தலையைக் குனிந்தே இருந்ததில் 200 அடி இறங்கியிருக்கிறோம், அதுவும் இன்ஸ்ட்ரக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் தூரத்தில் ஒற்றை விளக்கு ஒன்று மெதுவாக வலப்பக்கம் நகர்ந்தது. வேறு விமானம் என்று நினைத்து விலகவே தொடங்கிவிட்டேன். அது குன்றின் மேல் அசையாமல் நிற்கும் கோபுரத்தின் விளக்கு.

இதனால் இரண்டு கேள்விகள். காக்பிட்டுக்குள் சிவப்பா, வெள்ளையா, சிலர் சொல்கிற நீலப்பச்சையா, எது சரி? அப்புறம் இரவில் வழி கண்டுபிடிக்க ஜிபிஎஸ், விஓஆர் (தரை நிலையத்தின் ரேடியோ அலையால் திசை காட்டுவது), ரேடார் ஆல்டிமீட்டர் (தரையிலிருந்து உயரம் காட்டுவது) இவற்றில் எதை எவ்வளவு நம்பலாம்? அனுபவப்பட்டவர்கள் விரிவாகவே எழுதுங்கள், நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.

வால்ரோட்டர் எழுதியது:

நான் பயிற்சி கொடுப்பவன், இரவுப் பாடம் எடுக்க ஆரம்பித்துப் பல வருடம் ஆகிறது. நிறத்துக்குப் போகும் முன் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் மீதிக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்வீர்கள்.

விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள். கூம்புகள் நிறமும் நுணுக்கமும் பார்க்கும், ஆனால் வெளிச்சம் வேண்டும். குச்சிகள் மங்கலிலும் வேலை செய்யும், ஆனால் நிறம் தெரியாது, கூர்மையும் போதாது. இருட்டுக்குக் கூம்புகள் 10 நிமிடத்துக்குள் பழகிவிடும், குச்சிகள் முழுதாகப் பழக 30 நிமிடம் முதல் 45 நிமிடம் வரை ஆகும். அவ்வளவு நேரம் காத்திருந்து சேர்த்ததை ஒரு போன் திரை சில நொடியில் அழித்துவிடும், மறுபடி முதலிலிருந்துதான். அதனால் கிளம்பும் முன் வெளிச்சமான அறையில் உட்கார்ந்து வானிலை பார்த்துவிட்டு நேராக ஓடிவந்து ஏறாதீர்கள். வெளிச்சம் தவிர்க்க முடியாத இடத்தில் ஒரு கண்ணை மூடிக்கொள்ளலாம், இரண்டு கண்ணும் தனித்தனியாகத்தான் பழகும்.

கண்ணின் நடு மையத்தில் குச்சிகளே இல்லை. இருட்டில் ஒரு பொருளை நேராகப் பார்த்தால் அது மறைந்துபோகும். 5 முதல் 10 டிகிரி தள்ளிப் பார்க்க வேண்டும், பார்வையை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் கோபுர விளக்கு நகர்ந்ததும் இதே குடும்பத்துப் பிரச்சினைதான். இருட்டுப் பின்னணியில் ஒற்றை விளக்கைச் சில நொடிகள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அது நகர்வதாகக் கண் சொல்லும். எல்லோருக்கும் நடக்கும், உங்கள் கண்ணில் குறை எதுவும் இல்லை. பார்வையை வேறு பக்கம் எடுத்துவிட்டுத் திரும்ப வாருங்கள், அந்த விளக்கைக் கண்ணாடிச் சட்டத்தின் ஓரம் மாதிரி நிலையான ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது பேனல். தரையில் வெளிச்சம் வைத்தது தப்பில்லை, மேலே போய் இருட்டு கூடியதும் திரும்ப டிம்மரை, அதாவது விளக்கின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகை, தொடாமல் விட்டதுதான் தப்பு. என் மாணவர்களிடம் ஒன்று சொல்வேன்: முள் தெரியாமல் போகும் வரை குறைத்துக்கொண்டே போங்கள், தெரியாமல் போனதும் ஒரு நூலளவு ஏற்றுங்கள், அதுதான் அளவு. 15 நிமிடம் கழித்து அதுவே கூடுதலாகத் தோன்றும், அப்போது இன்னும் குறையுங்கள். வெறும் அளவு சரியானாலே உங்கள் நிறப் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும். டேப்லெட் இரவு நிலையில், மிகக் குறைந்த வெளிச்சத்தில்கூட இருட்டுக்கு அதிகம்தான். மேலே ஒரு கருப்புப் படலம் ஒட்டுங்கள், தொடையிலிருந்து எடுத்துக் கண்ணாடியில் பிம்பம் விழாத கோணத்துக்கு மாற்றுங்கள். வெள்ளைச் சட்டை போட்டாலும் கண்ணாடியில் தெரியும், அதனால் நான் இரவில் அடர்நிறம்தான் போடுவேன்.

டார்ச் இரண்டு வேண்டும், ஒன்று கழுத்திலோ தலையிலோ. கீழே விழுந்த டார்ச்சை எடுக்கக் குனிவது இரவில் செய்யக்கூடாத காரியம், அது பெடலுக்குள் சிக்கினால் இன்னும் மோசம்.

உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 5,000 அடிக்கு மேலேயே ஆக்சிஜன் குறைவதால் இரவுப் பார்வை மங்கத் தொடங்கும். நீங்கள் புகைப்பவர் என்றால் ரத்தத்திலிருக்கும் கார்பன் மோனாக்சைடு தரையிலேயே உங்களைச் சில ஆயிரம் அடி உயரத்தில் இருப்பவர் போல ஆக்கிவிடும். இதை யாரிடமும் மென்மையாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, இரவு பறக்க வேண்டும் என்றால் விட்டுவிடுங்கள்.

பேனல்வேலை எழுதியது:

நான் ஓட்டுபவன் இல்லை, ஹெலிகாப்டர்களில் கருவிகளும் விளக்குகளும் பொருத்துகிறவன். நிறம் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

சிவப்புக்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. குச்சிகள் ஆழ்ந்த சிவப்பைக் கிட்டத்தட்ட உணர்வதே இல்லை, அதனால் சிவப்பு வெளிச்சத்தில் பேனலைப் படித்துவிட்டு வெளியே பார்த்தாலும் இருட்டுப் பழக்கம் அதிகம் கெடாது. விலை என்ன என்றால், வரைபடத்தின் சிவப்பு மறையும், எச்சரிக்கை நிறங்கள் வித்தியாசம் தெரியாமல் போகும், அப்புறம் சிவப்பு ஒளி விழித்திரைக்குச் சற்றுப் பின்னால் குவிவதால் வெள்ளெழுத்து வந்தவர்களுக்குக் கிட்டத்தில் இருக்கிற சின்ன எழுத்தைப் படிப்பது இன்னும் கஷ்டம். நாற்பதைத் தாண்டிய பைலட்டுகள் என்னிடம் வந்து குறைப்படும்போதெல்லாம் முதலில் பார்ப்பது விளக்கு சிவப்பா என்பதைத்தான். மிக மங்கலான வெள்ளையில் நிறமும் தெரியும், பெரிய நஷ்டமும் இல்லை. உங்கள் மாதிரி வெறும் கண்ணால் பறப்பவர்களுக்கு என் பரிந்துரை அதுதான்.

நீலப்பச்சை வந்தது நைட் விஷன் கண்ணாடிக்காக, கண்ணுக்காக அல்ல. மூன்றாம் தலைமுறைக் கண்ணாடி ஏறக்குறைய 600 முதல் 900 நானோமீட்டர் வரை உள்ள ஒளியைப் பெருக்கும், அதாவது சிவப்பும் அதைத் தாண்டிய கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும். சாதாரண இழைப் பல்பு ஒன்று பேனலில் எரிந்தால் அதிலிருந்து வரும் அகச்சிவப்பு கண்ணாடிக்குக் கார் ஹெட்லைட் மாதிரி. கண்ணாடி தன் பெருக்கத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், வெளியே இருப்பது எல்லாம் மங்கிவிடும், ஏன் மங்கியது என்று பைலட்டுக்குத் தெரியாது. அதற்காகத்தான் பேனலில் நீலப்பச்சை வடிகட்டி. கண்ணாடி லென்ஸிலும் வடிகட்டி உண்டு, ஏ வகை 625 நானோமீட்டருக்குக் கீழே இருப்பதைத் தடுக்கும், பி வகை 665 வரை தடுக்கும். பி வகை இருந்தால் பேனலில் திருத்திய சிவப்பு எச்சரிக்கை விளக்கும் வண்ணத்திரையும் வைக்க முடிகிறது. அமெரிக்க ராணுவத்தின் மில்-எஸ்டிடி-3009 என்கிற தரம் இதையெல்லாம் வரையறுக்கிறது, சிவில் வேலையிலும் அந்தக் கணக்கைத்தான் பார்க்கிறோம்.

இதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. கோபுரங்களில் இப்போது எல்இடி சிவப்பு விளக்குகள் வருகின்றன. சில எல்இடிகளின் ஒளி அந்த வடிகட்டி தடுக்கிற எல்லைக்குள் விழுந்துவிடும், அகச்சிவப்பும் அவற்றில் வராது. வெறும் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற கோபுரம் கண்ணாடி போட்டவருக்குத் தெரியாது. அமெரிக்க விமானத்துறையே இதைப் பற்றி 2009இல் எச்சரிக்கை விட்டது. பிற்காலத்தில் நீங்கள் கண்ணாடி போட்டுப் பறந்தால் அடிக்கடி அதன் அடியில் வெறும் கண்ணாலும் பார்க்கிற பழக்கம் வேண்டும். போதாததற்கு கண்ணாடியின் பார்வை வட்டம் 40 டிகிரிதான்.

இன்னொன்று, என் வேலையில் திரும்பத் திரும்பப் பார்ப்பது. பல ஹெலிகாப்டர்களில் பேனல் விளக்கைப் போட்டதும் எச்சரிக்கை விளக்குகளும் தானாக மங்கிவிடும். இரவு முடிந்து இறங்கியவர் சுவிட்சை அணைக்காமல் போனால் மறுநாள் வெயிலில் எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் இயந்திரத்தில் அது எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்று கையேட்டில் பாருங்கள்.

புதுச்சிறகு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. டிம்மரை ஒருமுறை வைத்ததும் அப்படியே விட்டுவிட்டேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. சிவப்பு டார்ச்சை மங்கலான வெள்ளைக்கு மாற்றுகிறேன். வழிகாட்டும் கருவிகள் பற்றி யாராவது எழுதினால் நன்றாக இருக்கும். குறிப்பாக இருட்டில் தனியாக இருக்கிற தளத்துக்கு இறங்கும்போது எனக்கு எப்போதும் உயரமாக இருக்கிற மாதிரியே தோன்றுகிறது.

மங்கல்நிலா எழுதியது:

உயரமாக இருப்பதாகத் தோன்றுகிறதா? அப்படித் தோன்றும்போது நீங்கள் பெரும்பாலும் தாழ்வாக இருப்பீர்கள். சுற்றிலும் எந்த விளக்கும் இல்லாமல் நடுவில் தளம் மட்டும் எரியும்போது கண்ணுக்குச் சாய்வைக் கணக்கிட ஒன்றும் கிடையாது, மூளை நம்மை உயரமாக இருப்பதாக நம்பவைத்து இறக்கிக்கொண்டே போகும், நடுவில் இருக்கிற மரமும் கம்பியும் தெரியாது. பல வருடம் இரவில் நோயாளிகளை ஏற்றிப் பறந்தவன் என்பதால் இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: அந்த மாதிரி இறங்கும்போது கண்ணை நம்பாமல் எண்ணை நம்புங்கள். ஜிபிஎஸ்ஸில் தளத்தை இலக்காக வைத்துக்கொண்டு 1 கடல் மைலில் 500 அடி, அரை மைலில் 250 அடி என்று ஒப்பிட்டுக்கொண்டே வாருங்கள். தரைவேகம் 60 நாட், இறக்கம் நிமிடத்துக்கு 500 அடி என்றால் ஏறக்குறைய இந்தச் சாய்வு வரும், கோணம் 5 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. வேகம் 30 நாட்டுக்குக் கீழே வந்தபின் இறக்கம் நிமிடத்துக்கு 300 அடியைத் தாண்டக்கூடாது, இருட்டில் வேகம் குறைந்ததே தெரியாமல் நம் ரோட்டர் கீழே தள்ளுகிற சுழல் காற்றுக்குள்ளேயே இறங்கிவிடுவோம். ஓடுதளத்தில் இறங்கும் சாய்வைக் காட்டுகிற பாப்பி என்கிற நான்கு விளக்கு வரிசை இருந்தால் இரண்டு வெள்ளை இரண்டு சிவப்பு என்பது வழக்கமாக 3 டிகிரி, ஹெலிகாப்டருக்கு அது தட்டையானதுதான், ஆனால் நான்கும் சிவப்பானால் காரணம் யோசிக்காமல் இறக்கத்தை நிறுத்துங்கள்.

ரேடார் ஆல்டிமீட்டர் இரவில் எனக்கு மிகப் பிடித்த கருவி. சாதாரண ஆல்டிமீட்டர் கடல் மட்டத்திலிருந்து உயரம் சொல்லும், இது அடியில் இருக்கிற நிலத்திலிருந்து சொல்லும், வழக்கமாக 2,500 அடி வரை. எச்சரிக்கை உயரத்தைக் கட்டாயம் வையுங்கள், வழியில் 500, இறங்கத் தொடங்கும்போது குறைத்துக்கொள்ளலாம். ஆனால் அது நேர் கீழே மட்டும்தான் பார்க்கும். முன்னால் செங்குத்தாக மலை எழுந்தால் எண் குறையத் தொடங்கும்போது நேரம் இருக்காது. அடர்ந்த மரங்களுக்கு மேல் சில சமயம் இலையைத் தாண்டித் தரையைப் படித்துவிடும், மர உச்சி அதைவிடக் கிட்டே இருக்கும். முன்னால் இருப்பதைச் சொல்ல ஹெச்-டாஸ் என்கிற நில எச்சரிக்கைக் கருவி இருக்கிறது, அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர்களுக்கு 2017 ஏப்ரலிலிருந்து கட்டாயம். அதுவும் தன் தரவுத்தளத்தில் இருப்பதைத்தான் சொல்லும். மின்கம்பிகள் எல்லாம் அதில் இருக்காது. இரவில் கம்பியைப் பார்க்கவே முடியாது, கோபுரத்தைத்தான் தேட வேண்டும், கோபுரத்துக்கு நேர் மேலே கடக்க வேண்டும்.

விஓஆர் பற்றிக் கேட்டீர்கள். அது பார்வைக்கோட்டில் வருகிற அலை, நாம் தாழ்வாகப் பறப்பவர்கள். 500 அடியில் சமதரையிலேயே கணக்குப்படி 27 கடல் மைல்தான் எட்டும், நடுவில் குன்று இருந்தால் அதுவும் இல்லை. இருந்தால் ஜிபிஎஸ்ஸைச் சரிபார்க்கப் போட்டுவையுங்கள். என்டிபி என்கிற பழைய ரேடியோ நிலையத்தின் திசையைக் காட்டும் முள்ளை இரவில், அதிலும் பொழுது சாயும்போதும் விடியும்போதும் நம்பாதீர்கள், மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புகிற அலை அதை அலைக்கழிக்கும். ஜிபிஎஸ்தான் முதுகெலும்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதில் எனக்குப் பிடிக்காதது திரையில் அது வழியாகக் காட்டுகிற அந்த மெஜந்தா நேர்கோடு. பகலில் குறுக்கே போகலாம், இரவில் அந்தக் கோட்டுக்கு அடியில் விளக்கே இல்லாத காடோ நீரோ இருந்தால் அடிவானமும் இல்லை, இறங்க இடமும் இல்லை. சாலையை ஒட்டிச் சுற்றிப் போனால் சில நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். வழியின் ஒவ்வொரு துண்டுக்கும் இதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்று ஓர் உயரத்தைத் தரையிலேயே எழுதிவைத்துவிடுங்கள்.

மேகத்துக்குள் தெரியாமல் நுழைவது பகலைவிட இரவில் சுலபம், ஏனென்றால் மேகம் தெரியாது. கீழே விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் வருகிறதா, தூர விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகிற மாதிரி மறைகின்றனவா, உங்கள் மின்னும் விளக்கின் ஒளி சுற்றிலும் பட்டுத் திரும்புகிறதா என்று பாருங்கள். ஒளிவட்டத்தைப் பார்த்ததுமே திரும்பிவிடுவது என் வழக்கம். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 விமானிகளை வெளியே பார்க்க முடியாமல் பறக்கவைத்தார்கள், இருபது பேரும் கட்டுப்பாடு இழந்தார்கள், சராசரி நேரம் 178 நொடி. அது தானாக நிலைகொள்ளும் இறக்கை விமானம். நம்முடையது கையை விட்டால் தானாக நிற்காது.

வால்ரோட்டர் எழுதியது:

மேலே எழுதியவர் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன், ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நீங்கள் பறப்பது ராபின்சன் ஆர்22 அல்லது ஆர்44 என்றால் அதன் கையேட்டில் வரம்புகள் பகுதியிலேயே இருக்கிறது, தரை விளக்குகளாலோ போதுமான நிலா நட்சத்திர வெளிச்சத்தாலோ தெரிகிற தரையைப் பார்த்துத்தான் இரவில் நிலை அறிய வேண்டும் என்று. பேனலில் செயற்கை அடிவானம் இருக்கிறது, ஜிபிஎஸ் இருக்கிறது என்பதால் அந்த வரம்பு தளராது. நிலா எப்போது உதிக்கிறது, எவ்வளவு, மேகம் மூடியிருக்கிறதா என்பதை எரிபொருள் மாதிரியே கணக்கில் எடுங்கள்.

ஹோவரில், அதாவது ஓரிடத்தில் அந்தரத்தில் நிற்கும்போது, லேண்டிங் லைட் விழுகிற பளிச்சென்ற வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பின்னால் நகர்வது தெரியாது. வட்டத்தின் ஓரத்தில், சற்று முன்னாலும் பக்கத்திலும் புல்லோ கல்லோ தெரிகிற இடத்தைப் பாருங்கள். பனிமூட்டத்திலும் தூசியிலும் அந்த விளக்கு நம் கண்ணுக்கே திரும்பி அடிக்கும், அப்போது அணைத்துவிடலாம்.

புதுச்சிறகு எழுதியது:

நேற்று நான்காவது தடவை போனேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. கிளம்பும் முன் அரை மணி நேரம் விளக்கணைத்த இடத்தில் உட்கார்ந்தேன். டேப்லெட்டுக்குப் படலம் ஒட்டிக் கதவுப் பக்கம் தாழ்வாக மாற்றினேன். டிம்மரை வழியில் மூன்று தடவை குறைத்தேன், மூன்றாவது தடவை குறைத்ததும் மர வரிசைக்கும் வானத்துக்கும் நடுவே அடிவானக் கோடு இருப்பது தெரிந்தது. போன வாரமும் அது அங்கேயேதான் இருந்திருக்கும், நான்தான் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது அந்தத் தனித் தளத்துக்கு இறங்கினோம். வழக்கம்போல உயரமாகத் தோன்றியது, இறக்கத்தைக் கூட்டப் போனேன். சந்தேகம் வந்து எண்ணைப் பார்த்தேன். தளத்துக்கு அரை மைல் இருக்கும்போது தரையிலிருந்து 170 அடிதான் இருந்தோம். இறக்கத்தை நிறுத்தி 250க்கு ஏறிவிட்டு மறுபடி தொடங்கினேன். இன்ஸ்ட்ரக்டர் எதுவும் சொல்லவில்லை, ஆனால் அவர் கை கலெக்டிவுக்கு (ஏற்றி இறக்கும் நெம்புகோல்) பக்கத்தில் வந்து திரும்பிப் போனதைப் பார்த்தேன்.